நாற்பது பேருக்கு வைத்த கோதுமை சூப்பு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். நான் அதிகம் படித்தவன் அல்ல. லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தே காலம் போய்விட்டது. நாலு வரி எழுதினால் அதில் இரண்டு வரி பிழையாக இருக்கும். ஆனாலும் என் பிள்ளைகள் ஸ்டெல்லாவும் அருளும், "அத்தையைப் பத்தி நீங்கதான் எழுதணும்ப்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இதை அவர்களுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் அத்தை பிறந்தது கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை பக்கத்து லைன் வீடு ஒன்றில். நம் தாத்தா காலத்தில் ஆம்பூர் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் நம்முடையது. எங்கள் அப்பா பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்போது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. பங்குச் சாமியார் எங்கள் இருவரையும் பெங்களூருக்கு அனுப்பி வைத்தார். என்னைப் பையன்கள் போர்டிங்கில் சேர்த்தார்கள். அக்காவைக் காக்ஸ் டவுனில் இத்தாலியிலிருந்து வந்திருந்த சிஸ்டர்களின் மடத்துச் சமையலறையில் வேலைக்கு வைத்தார்கள். மடத்தோடு சேர்ந்து ஏழைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியும் இருந்தது. தினமும் நாற்பது பேருக்குக் குறையாமல் உலை வைக்க வேண்டும். அந்த உலையடியில்தான் அக்காவின் இளமை முழுவதும் கழிந்தது.

அங்கே சமையலுக்குத் தலைவியாக இருந்தவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அக்காவுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அவர் ஊர் சூப்பு. பீன்ஸும் கோதுமையும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுவது. அவர்கள் ஊரில் அதற்கென்று ஒரு கோதுமை உண்டாம். இங்கே கிடைக்காதே என்று இருந்தவர், பாயசத்துக்கு வாங்கும் குத்திய சம்பா கோதுமையை ஒருநாள் கடையில் கண்டு, அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, மூட்டையாகவே எடுத்து வரச் சொன்னாராம். சூப்பில் மிளகாய் கிடையாது. தங்கவயலில் மிளகாயைக் கடித்து வளர்ந்த அக்காவுக்கு அது வாயில் வைக்க வழங்கவில்லை. முந்தானையில் ஒரு பச்சை மிளகாயை முடிந்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கடித்துக்கொள்வார். பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று அக்கா பயந்துகொண்டிருந்தார். மறுநாள் அக்காவின் தட்டு ஓரத்தில் ஒரு பச்சை மிளகாயைக் கழுவித் துடைத்து அவரே வைத்திருந்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஞாயிறுதோறும் அக்கா என்னைப் பார்க்க போர்டிங்குக்கு வருவார். தூக்குவாளியில் அந்தச் சூப்பு இருக்கும். மற்றப் பையன்கள், உங்க அக்கா கஞ்சி கொண்டு வந்துட்டாங்கடா என்று கேலி செய்வார்கள். பிறகு அவர்களே வந்து கையை நீட்டுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை என்னைப் படிக்க வைத்ததும், தொழில் கற்றுக்கொள்ள அனுப்பியதும், ஜோகுபாளையத்தில் பெண் பார்த்து உங்கள் அம்மாவை எனக்குக் கட்டி வைத்ததும் அக்காதான். அவரைப் பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்றார். நான் ஒரு நிலைக்கு வந்தபோது கேட்டு வருபவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியது இல்லை. அதனால் நானும் இங்கே அதிகம் எழுதவில்லை.

தொண்ணூற்று மூன்று வாக்கில் அந்த மடத்தை மூடினார்கள். இத்தாலி சிஸ்டர்களுக்கு வயதாகிவிட்டது, ஊருக்குத் திரும்பினார்கள். விடுதியும் இல்லாமல் போனது. அக்கா ஒரு தகரப் பெட்டியும், எண்ணெய் டின்னில் நட்ட, சூப்பில் வாசனைக்குப் போடும் ஒரு ரோஸ்மேரிச் செடியுமாக லிங்கராஜபுரத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாம் அப்போதும் இதே காம்பவுண்டில்தான், ஒரே முற்றத்தைச் சுற்றியிருக்கும் ஏழு வீடுகளில் மூன்றாவது வீட்டில்தான் இருந்தோம். ஸ்டெல்லா, உனக்கு அப்போது ஆறு வயது. செடியைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "தைலம் வாசனை வருது" என்றாய்.

இனி எழுதப் போவது உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுவது. எழுதலாமா என்றேன். உண்மைதானே, எழுதுங்க என்றாள்.

உங்கள் அம்மா பிறந்த வீட்டில் ஒரே சமையலறையில் ஆறு பெண்கள். கரண்டி அவள் கைக்கு வந்ததே இல்லையாம். கல்யாணமாகி வந்த பிறகுதான் தனக்கென்று ஒரு அடுப்பு கிடைத்தது. இருவர் நின்றால் இடிக்கும் சமையலறைதான். ஆனாலும் அதை அவள் எப்படி வைத்திருந்தாள் என்று உங்களுக்கே தெரியும். அக்காவுக்கு நாலு மணிக்கு எழுந்திருப்பது மடத்துப் பழக்கம். வந்த மறுநாள் காலையில் அவரே அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் டீ போட்டு வைத்திருந்தார். உங்கள் அம்மா எழுந்து வந்து எரிகிற அடுப்பைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி வாடிவிட்டது. அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா சமையலறைப் படியைத் தாண்டவில்லை. நாலு மணிக்கே எழுந்து, கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு, உங்கள் அம்மா எழுந்திருக்கும்வரை காத்திருப்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார். பாத்திரம் துலக்குவார், உங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கச் சொன்னால், இருக்கட்டும், எடுக்க வசதியா இருக்கு என்பார். உங்கள் அம்மாவும் பதைத்துப்போய், "அண்ணி, குழம்பு நீங்க வைங்களேன்" என்று பலமுறை கேட்டுப் பார்த்தாள். "நீயே வைம்மா, உன் கை நல்லாருக்கு" என்று சிரித்தபடி மறுத்துவிடுவார். இருவருக்குள்ளும் ஒரு சண்டை இல்லை, ஒரு கடுமையான சொல் இல்லை. ஆனால் ஒரு விருந்தாளி ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதுபோல அக்கா நம் வீட்டில் இருந்தார்.

அடுத்து வந்த ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னார். சேலம் பக்கம் வேறொரு மடத்தில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்களாம். தங்க இடம் உண்டு. கடைசிவரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். "ஈஸ்டர் முடிஞ்சதும் போறேன்டா தம்பி. அதான் எல்லாருக்கும் நல்லது." எனக்குத் தாயும் அவர், தகப்பனும் அவர். அவர் தலைசாய்க்க என் வீட்டில் ஓர் இடம் இருந்தும் அவருக்கு அது இடமாகப் படவில்லையே என்பதுதான் என்னை அறுத்தது. உங்கள் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குள் உங்கள் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சள். எண்ணெய், காரம், தாளிப்பு எதுவும் கூடாது என்றார் டாக்டர். கஞ்சியைக் கண்டாலே ஓங்கரித்தாள். அப்போதும் அக்கா அடுப்பைத் தொடவில்லை. உங்கள் அம்மாவின் துணியைத் துவைத்தார், காலைப் பிடித்துவிட்டார், தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினார். நான் ஓட்டலிலிருந்து உங்களுக்கு இட்லி வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மாலை உங்கள் அம்மா படுத்தபடியே கேட்டாள்: "அண்ணி, மடத்துல பீன்ஸும் கோதுமையும் போட்டு ஒரு சூப்பு வைப்பீங்களாமே. கல்யாணமான புதுசுல உங்க தம்பி அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை எடுப்பாரு. எனக்குக் கொஞ்சம் வெச்சுத் தர்றீங்களா?"

அக்கா விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உன் அடுப்புலயாம்மா?"

"பின்ன, பக்கத்து வீட்டு அடுப்புலயா?"

டாக்டரிடம் போய்க் கேட்டேன். எண்ணெய் இல்லாமல், நன்றாகக் குழைய வேகவைத்து, மசித்து, தண்ணீராகக் கொடுத்துப் பாருங்கள், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்றார். அக்கா சொல்லச் சொல்ல மனதில் குறித்துக்கொண்டு ரஸல் மார்க்கெட்டுக்குப் போனேன். காய்ந்த டபுள் பீன்ஸ், சம்பா கோதுமை, வெங்காயம், கேரட், தக்காளி, பூண்டு, செலரிக் கட்டு. இரண்டு பை நிறைந்து, மூன்றாவது பை வாங்க வேண்டியதாயிற்று. அக்கா சொன்னால் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்பது என் பழக்கம், அதனால் இவ்வளவு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. இரவு பீன்ஸைத் தனியாகவும் கோதுமையைத் தனியாகவும் ஊறவைத்தார். வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் நிறைந்தது. குளிக்கிற வாளியையும் தேய்த்துக் கழுவி அதிலும் ஊறவைத்தார்.

காலையில் பார்த்தால் எல்லாம் ஊறி ஒன்றுக்கு இரண்டாகப் பொங்கி நின்றது. வேகவைக்கக் கோயிலிலிருந்து, அன்பியம் என்கிற நம் தெரு ஜெபக் கூட்டத்தின் பெரிய தவலையை நானே தூக்கிவந்தேன். அது நம் அடுப்பில் உட்காரவே இல்லை. அக்கா சற்றும் யோசிக்காமல் முற்றத்தில் செங்கல் அடுக்கி, விறகு வைத்து மூட்டிவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்து நின்றபோது, அக்காவின் முகத்தில் அப்படியொரு தெளிவை அந்த ஆறேழு மாதத்தில் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளே, செய்முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் செய்யலாம். முதலில் பீன்ஸை நாலு பல் பூண்டோடு வேகவைக்க வேண்டும். உப்பை முதலிலேயே போடக்கூடாது, தோல் தடித்துப்போகும் என்பார் அக்கா. விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். அதில் பாதியை எடுத்து மத்தால் கடைந்து மறுபடி அந்தத் தண்ணீரிலேயே ஊற்ற வேண்டும். அப்போது தண்ணீர் பாலாடை நிறத்துக்கு வரும். அதில் கோதுமையைப் போட்டு, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கோதுமை வெந்தும் பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக அரிந்து, எண்ணெயில் அவசரப்படாமல் வதக்கி, தக்காளி சேர்த்துச் சுருண்டதும் அதில் கொட்ட வேண்டும். ரோஸ்மேரியை ஒரு கிள்ளு, மிளகுத்தூள், உப்பு. இறக்கி மூடிவைத்து, பசி வயிற்றைக் கிள்ளினாலும் கொஞ்ச நேரம் தொடக்கூடாது. அன்று அக்கா எண்ணெயில் வதக்கியதைக் கொட்டும் முன்பே, கோதுமை குழைந்த இடமாகப் பார்த்து நோயாளிக்கு என்று தனியே எடுத்து, மசித்து, துணியில் வடிகட்டி வைத்துவிட்டார்.

விறகுப் புகைக்கு ஏழு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் கௌரம்மா, நமக்கு இப்போதும் கன்னடமும் தமிழுமாகப் பேசும் அதே கௌரம்மாதான், தவலையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனக்கா, யாரு வீட்ல மதுவெ? நம்மள கூப்பிடவே இல்லையே?"

கல்யாணச் சமையலா என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பிறகு தவலையைப் பார்த்தார். நம் வீட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற உங்கள் இருவரையும் பார்த்தார். அப்படியே துடுப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

"டேய் தம்பி," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், "நாலு பேருக்கு எப்படிடா செய்றது? எனக்கு அது தெரியாதேடா."

பதினாறு வயதில் கரண்டி பிடித்தவர். அன்றுவரை நாற்பது பேருக்குக் குறைந்து அவர் உலை வைத்ததில்லை. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்ற அளவு அவர் கைக்கு வாய்க்கவே இல்லை. இந்த வயதில் பொருளை இப்படி வீணடித்துவிட்டேனே என்று அவருக்கு முகம் கன்றிவிட்டது. உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

அப்போது உங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எழுந்து நடமாடி எத்தனையோ நாளாகியிருந்தது. தவலையைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும் அண்ணி. தவக்காலம்தானே, காம்பவுண்டுக்கே ஊத்துங்க. ஆனா எனக்குத்தான் மொதல்ல."

ஒரு டம்ளர் குடித்தாள். வாந்தி வருமோ என்று நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. இன்னும் அரை டம்ளர் கேட்டாள். அதன் பிறகு ஏழு வீட்டுக்கும் போனது சூப்பு. பிள்ளைகள் பன்னை அதில் தோய்த்துத் தின்றார்கள். கௌரம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பச்சை மிளகாய் அரைத்துக் கலந்துகொண்டார். அக்கா அதைப் பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டார்.

அடுத்த நாளும் உங்கள் அம்மா அதையே கேட்டாள். இம்முறை சமையலறையில், அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அக்கா செய்தார். "ஒரு கைப்பிடி போதும் அண்ணி... ஐயோ, அது உங்க கைப்பிடி, என் கைப்பிடி அளவு போடுங்க." அக்கா அள்ளியதை மறுபடி டப்பாவில் கொட்டி, பயந்து பயந்து கொஞ்சமாக எடுப்பார். இது எப்படி எல்லாருக்கும் வரும் என்று முணுமுணுப்பார். வந்தது. ஒரு வாரத்தில் அந்தச் சின்னச் சமையலறையில் இருவரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாருக்கும் வழி விடவில்லை, யாருக்கும் அது குறையாகவும் படவில்லை.

ஈஸ்டர் வந்தது. பதில் கேட்டு அந்தச் சேலம் மடத்துச் சிஸ்டர் ஒருவர் ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டார். அக்கா கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபியோடு வந்த உங்கள் அம்மா, அக்கா வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: "அவங்க வர மாட்டாங்க சிஸ்டர். இப்பதான் நாலு பேருக்குச் சமைக்கக் கத்துக்கிட்டு இருக்காங்க. பாதியில விட்டா எப்படி?"

அன்று மாலை தகரப் பெட்டியிலிருந்த துணிகள் அலமாரிக்கு வந்தன.

அதன் பிறகு பதினான்கு வருடங்கள் அக்கா நம்மோடு இருந்தார். உங்களை வளர்த்ததில் பாதி அவர்தான். காம்பவுண்டில் யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அத்தையின் கை அங்கே இருந்தது. ஆண்டுதோறும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முற்றத்தில் தவலை ஏறியது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்திலும் தனக்கென்று ஒன்றைக் கேட்டதே இல்லை. இது வேண்டும், அது பிடிக்கவில்லை, இதை இங்கே வை, அங்கே வை என்று ஒரு சொல் வந்ததில்லை. உள்ளூர இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறாரோ என்ற சந்தேகம் எனக்குத் தீரவேயில்லை.

கடைசியில் அவருக்கு நெஞ்சு பலவீனமாகி, காலில் நீர் கோத்து, படுக்கையில் விழுந்தார். மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்த பிறகு, கன்னியர் இல்லம் ஒன்றிலிருந்து ஆள் வந்தார்கள். அவர்களிடம் நோயாளிகளுக்கான வார்டு இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், மடத்துக்கு உழைத்தவர் என்பதால் அக்காவை வைத்துக் கவனிப்போம் என்று அன்பாகச் சொன்னார்கள். நானும், நீங்கள் வளர்ந்த பிறகு உங்கள் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். அக்காவுக்கு அங்கே வசதி என்றுதான் எனக்கும் பட்டது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உங்கள் அம்மாதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அங்க போறீங்களா அண்ணி என்று நேராகக் கேட்டாள்.

"நான் எதுக்குடி அங்க போகணும்?" என்றார் அக்கா. உங்கள் அம்மாவை 'டி' போட்டு அவர் பேசியது அன்றுதான் முதல்முறை. அதோடு நிற்கவில்லை. "இங்க காத்தே வரல. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடு. அந்தப் பீரோ எதுக்கு அங்க அடைச்சுக்கிட்டு நிக்குது? தூக்கி வெளிய போடு."

அது உங்கள் அம்மாவின் கல்யாணப் பீரோ. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரே பெரிய பொருள். உங்கள் அம்மா உடனே எழுந்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ஒரு கை பிடிங்க" என்றாள். அருள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பீரோவைத் தூக்கி வராந்தாவில் வைத்தோம். கட்டில் ஜன்னலோரம் போனது. அக்கா காற்று வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினோம். எனக்கு இருந்த சந்தேகம் அன்றோடு போயிற்று.

அந்த ஜன்னலோரத்தில், உங்கள் அம்மாவின் மடியில் தலை வைத்து, ஒரு விடியற்காலையில் அக்கா ஆண்டவரிடம் போனார்.

அக்காவுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்து, அடக்கம்வரை கூட நின்ற பங்குத் தந்தைக்கும், ஜெபமாலை சொல்ல வந்த அன்பியத்தாருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும், துக்கம் நடந்த மூன்று நாளும் எங்களுக்குச் சோறு போட்ட கௌரம்மாவுக்கும் காம்பவுண்டு மக்கள் எல்லோருக்கும், தங்கவயலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நான் தனியாக நன்றி சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

பீரோ இன்னும் வராந்தாவில்தான் நிற்கிறது. மழைச் சாரல் பட்டு ஒரு பக்கம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. போன மாதம், உள்ளே கொண்டுவந்து வைக்கலாமா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"அண்ணி சொல்லலையே" என்றாள்.